சாப்பிட்டது 80 டாலர், முடங்கியது 96 டாலர்

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஹில்கிராஃப்ட் சாலையை ஒட்டிய பகுதிக்கு மகாத்மா காந்தி டிஸ்டிரிக்ட் என்று பெயர். நகைக்கடை, புடவைக்கடை, இந்திய மளிகை, வரிசையாக ஹோட்டல்கள் என்று வெள்ளிக்கிழமை மாலையில் களைகட்டிக் கிடக்கும். அந்த ஊரில் படித்துக்கொண்டே பகுதிநேர வேலையும் பார்க்கும் ஒரு மாணவியை நினைத்துக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கில் 290 டாலர் இருக்கிறது. வழியில் காருக்கு 32 டாலருக்குப் பெட்ரோல் போடுகிறாள். தோழிகளோடு சாப்பிடுகிறாள். மொத்த பில் வரியோடு 80 டாலர். தன் டெபிட் கார்டைக் கொடுத்துவிட்டு, மற்றவர்களிடம் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிறாள். டிப்ஸ் 14 டாலர் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறாள்.

அவள் செலவழித்தது 126 டாலர். கையில் 164 டாலர் மிச்சம் இருக்க வேண்டும். மறுநாள் காலை மளிகைக் கடையில் 40 டாலர் பில்லுக்குக் கார்டை நீட்டினால், 'டிக்லைன்' என்று வருகிறது. வங்கியின் செயலியைத் திறந்தால், எடுக்கக்கூடிய பேலன்ஸ் 19 டாலர் என்று காட்டுகிறது.

யாரும் திருடவில்லை. பெட்ரோல் பங்க் கருவி 175 டாலரை முடக்கிவைத்திருக்கிறது. ஹோட்டல் பில்லுக்காக 96 டாலர் முடங்கியிருக்கிறது. இரண்டும் விதிப்படிதான் நடந்திருக்கின்றன. சில நாட்களில் தானாகச் சரியாகிவிடும். ஆனால் அந்தச் சில நாட்களுக்கு அவளுடைய 145 டாலர் அவளுடையதாக இல்லை. அதை அவளிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவும் இல்லை.

மேலே சொன்ன மாணவி கற்பனை. கணக்கு கற்பனை இல்லை. அமெரிக்காவில் டெபிட் கார்டை வைத்து வாழ்க்கை நடத்துகிற யாருக்கும் இது நேரலாம். கணக்கில் பத்தாயிரம் டாலர் வைத்திருப்பவருக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது. சம்பள நாளுக்கு முந்தைய வாரம் நூற்றுச் சொச்சம் டாலரோடு இருப்பவருக்குத்தான் தெரியும். இந்த ஏற்பாட்டில் எனக்கிருக்கும் கோபத்துக்கு அதுவே காரணம்.

இரண்டு கட்டமாக நடக்கும் வியாபாரம்

கார்டைத் தேய்த்தவுடன் பணம் கைமாறிவிடுகிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். அமெரிக்க ஹோட்டல்களில் பெரும்பாலும் அப்படி இல்லை. சர்வர் உங்கள் கார்டை வாங்கிக்கொண்டு உள்ளே போகிறார். அங்கே கருவியிலிருந்து ஒரு கேள்வி கிளம்புகிறது: இந்தக் கார்டில் இவ்வளவு தொகைக்கு வழி இருக்கிறதா? ஹோட்டலின் வங்கி வழியாக, விசா அல்லது மாஸ்டர்கார்டு வலைப்பின்னல் வழியாக, உங்கள் வங்கிக்கு அது போய்ச் சேர்கிறது. இருக்கிறது என்று உங்கள் வங்கி ஓரிரு நொடிகளில் பதில் அனுப்புகிறது. சொன்ன வாக்குக்காக அந்தத் தொகையை ஒதுக்கியும் வைக்கிறது. இந்த ஒதுக்கலைத்தான் அங்கே எல்லோரும் 'ஹோல்ட்' என்கிறார்கள். இந்தக் கட்டத்தில் ஒரு சென்ட் கூட நகர்வதில்லை.

சர்வர் திரும்பி வந்து கார்டையும் இரண்டு காகிதச் சீட்டுகளையும் மேசையில் வைக்கிறார். நீங்கள் டிப்ஸ் தொகையையும் கூட்டுத்தொகையையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறீர்கள். இரவு கடை மூடும் நேரத்தில் ஊழியர்கள் அந்தச் சீட்டுகளை எடுத்து ஒவ்வொன்றின் டிப்ஸையும் கருவியில் ஏற்றுகிறார்கள். அன்றைய கணக்கு மொத்தமாக அனுப்பப்படுகிறது. அதன் பிறகு ஒன்றிரண்டு வேலை நாட்களில்தான் உண்மையான பணம் உங்கள் கணக்கிலிருந்து போகிறது. வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாடு என்றால் நடுவில் சனி, ஞாயிறு வந்துவிடும். திங்கள்கிழமை மெமோரியல் டே, லேபர் டே போல விடுமுறையாக இருந்தால் இன்னும் ஒரு நாள் கூடும்.

இதில் வங்கிக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. அனுமதி கேட்டபோது தொகை 80. கடைசியில் வரப்போவது 80 ஆ, 90 ஆ, 96 ஆ என்று அந்த நேரத்தில் யாருக்கும் தெரியாது. கார்டு நிறுவனங்களின் விதிகள் ஹோட்டல்களுக்கு ஒரு சலுகை தருகின்றன. அனுமதி வாங்கிய தொகைக்கு மேல் 20 சதவீதம் வரை சேர்த்து இறுதித் தொகையை அனுப்பலாம், அதற்குப் புதிதாக அனுமதி கேட்கத் தேவையில்லை. அப்படி வரும் கூடுதல் தொகைக்கும் உங்கள் வங்கிதான் பொறுப்பு. ஆகவே சில வங்கிகள் முதலிலேயே 20 சதவீதத்தைச் சேர்த்து முடக்கிவைத்துவிடுகின்றன. 80 டாலர் 96 டாலராக ஆவது இங்கேதான்.

வங்கிக்கு இது ஹோட்டல் பில் என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு கடைக்கும் அதன் தொழிலைச் சொல்லும் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு. சர்வர் பரிமாறும் உணவகத்துக்கு 5812, மதுக்கூடத்துக்கு 5813, துரித உணவுக் கடைக்கு 5814, தானியங்கி பெட்ரோல் கருவிக்கு 5542. அனுமதிக் கேள்வியோடு இந்த எண்ணும் சேர்ந்தே வருகிறது. எண்ணைப் பார்த்து எவ்வளவு கூட்டி வைப்பது, எத்தனை நாள் வைப்பது என்பதை வங்கியின் கணினி முடிவுசெய்கிறது. சில ஹோட்டல்களில் கடையின் கருவியே 20 சதவீதம் சேர்த்துக் கேட்பதும் உண்டு. அதனால் ஒரே மேசையில் உட்கார்ந்து பில்லைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்ட இரண்டு நண்பர்களில், ஒருவருக்கு 40 டாலரும் மற்றவருக்கு 48 டாலரும் முடங்கலாம். இருவரும் செய்தது ஒன்றுதான், வங்கிதான் வேறு.

டிப்ஸைக் கையில் ரொக்கமாகக் கொடுத்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். தப்ப முடியாது. நீங்கள் பேனாவை எடுப்பதற்கு முன்பே முடிவு எடுக்கப்பட்டுவிட்டது. சீட்டில் டிப்ஸ் பூஜ்யம் என்று எழுதினாலும் இறுதிக் கணக்கு வந்து சேரும்வரை 96 டாலர் அப்படியே நிற்கும்.

சர்வரின் சம்பளத்தில் இருக்கிறது வேர்

பில் வந்த பிறகும் தொகை முடிவாகாமல் இருப்பது ஏன்? இதற்கான பதில் வங்கியில் இல்லை, அமெரிக்கத் தொழிலாளர் சட்டத்தில் இருக்கிறது. 1966ல் செய்த திருத்தத்தின்படி, டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி குறைந்தபட்சக் கூலியை முழுதாகத் தர வேண்டியதில்லை. டிப்ஸை அதில் கழித்துக்கொள்ளலாம். கூட்டாட்சிச் சட்டப்படி அப்படிப்பட்ட ஊழியருக்கு முதலாளி நேரடியாகத் தர வேண்டிய தொகை மணிக்கு 2.13 டாலர். 1991 முதல் இந்த எண் அசையவே இல்லை. பொதுவான குறைந்தபட்சக் கூலியே 2009 முதல் 7.25 டாலரில்தான் நிற்கிறது. டிப்ஸும் சேர்ந்து 7.25 எட்டாவிட்டால் மீதியை முதலாளி தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கலிஃபோர்னியா, வாஷிங்டன், மின்னசோட்டா போன்ற சில மாநிலங்கள் இந்தக் கழிவை அனுமதிப்பதில்லை. டெக்சாஸ் அனுமதிக்கிறது, அங்கே 2.13தான்.

ஆக, ஹூஸ்டன் ஹோட்டலில் நமக்குச் சோறு போடுகிறவரின் வாடகையும் பிள்ளைகளின் பள்ளிச் செலவும் அந்தச் சீட்டில் நாம் எழுதும் எண்ணில் இருக்கின்றன. 15 முதல் 20 சதவீதம் என்பது அங்கே பெருந்தன்மை கிடையாது, வழக்கம். கார்டு விதியில் இருக்கும் 20 சதவீதமும் அந்த வழக்கத்தை ஒட்டியதுதான். சர்வரின் சம்பளத்தை முதலாளி தராமல் வாடிக்கையாளரின் பேனாவிடம் விட்டதன் விளைவு, சுற்றிச் சுற்றி வாடிக்கையாளரின் வங்கிக் கணக்கில் வந்து நிற்கிறது.

வேறு நாடுகளில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. பிரிட்டனிலும் கனடாவிலும் சர்வர் கையடக்கக் கருவியை மேசைக்கே கொண்டுவருகிறார். டிப்ஸ் தர விரும்பினால் முதலில் அதை அழுத்திவிட்டு, அப்புறம் கார்டைச் செருகிப் பின் எண்ணைப் போடுகிறீர்கள். வங்கிக்குப் போவது முடிவான தொகை. அமெரிக்காவிலும் 2015 அக்டோபரில் சிப் கார்டுக்கு மாறும்படி கடைகளுக்கு நெருக்கடி வந்தது. ஆனால் பின் எண்ணை அவர்கள் வலியுறுத்தவில்லை, கையெழுத்தோடு விட்டுவிட்டார்கள். 2018ல் கையெழுத்துக் கட்டாயத்தையும் பெரிய கார்டு நிறுவனங்கள் கைவிட்டன. ஹோட்டல்களில் மட்டும் காகிதச் சீட்டு சாகவில்லை. டிப்ஸ் எழுத இடம் வேண்டுமே! கோவிட் காலத்துக்குப் பிறகு, மேசையில் ஒட்டிய க்யூஆர் கோடிலும் கையடக்கக் கருவியிலும் பணம் கட்டும் ஹோட்டல்கள் அங்கே பெருகியிருக்கின்றன. அங்கெல்லாம் தொகை முதலிலேயே முடிவாகிவிடுவதால் இந்த 20 சதவீதத்துக்குக் காரணமே இல்லாமல் போகிறது. வசதி இல்லாததால் நீடிக்கும் ஏற்பாடு அல்ல இது என்று இதிலிருந்தே தெரிகிறது.

தலைகுனிவும் அபராதமும்

பரிசு அட்டை, முன்பணம் ஏற்றிய ப்ரீபெய்டு கார்டு வைத்திருப்பவர்கள் பாடு இன்னும் மோசம். 50 டாலர் பரிசு அட்டையோடு போய் 45 டாலருக்குச் சாப்பிட்டால் ஐந்து டாலர் மிஞ்ச வேண்டும். ஆனால் 45ன் மேல் 20 சதவீதம் சேர்த்தால் 54. அட்டையில் 50தான். டிக்லைன். பல பரிசு அட்டைகளின் பின்பக்க நிபந்தனைகளில் பொடி எழுத்தில் இது இருக்கும். பிறந்தநாளுக்கு யாரோ கொடுத்த அட்டையின் பொடி எழுத்தை யார் படிக்கிறார்கள்? சர்வர் மேசைக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, வேறு கார்டு இருக்கிறதா என்று கேட்கும்போது எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் பார்வையைத் திருப்பிக்கொள்வார்கள். கையில் பணம் இருந்தும் இல்லாதவராக நிற்க வைக்கிறது இது. வங்கிக் கணக்கே இல்லாமல் சம்பளத்தையும் ப்ரீபெய்டு கார்டில் வாங்குகிறவர்கள் அமெரிக்காவில் நிறைய. அவர்களுக்கு மாற்றுக் கார்டு கிடையாது.

கிரெடிட் கார்டிலும் இதே ஹோல்ட் உண்டு. அங்கே முடங்குவது வங்கி கடன் தரச் சம்மதித்த வரம்பு. டெபிட் கார்டில் முடங்குவது வாடகைக்காகச் சேர்த்துவைத்த சொந்தப் பணம். ஊரில் வாடகைப் பாத்திரக் கடையிலும் முன்பணம் கேட்கத்தான் செய்கிறார்கள். ஆனால் எவ்வளவு என்று முகத்துக்கு நேரே சொல்லி வாங்கி, அண்டாவும் தாம்பாளமும் எண்ணிக்கை சரியாக இருந்தால் அந்த இடத்திலேயே எண்ணித் திருப்பிக் கொடுக்கிறார்கள். இங்கே சொல்வதும் இல்லை, உடனே கொடுப்பதும் இல்லை.

முடக்கத்தின் மேல் அபராதமும் வரலாம். பல வங்கிகள் 'கையிருப்பு' என்று பார்ப்பது ஹோல்ட் போக மிஞ்சியதைத்தான். நம் மாணவியின் ஃபோன் பில் 45 டாலர் திங்கள்கிழமை கணக்கிலிருந்து தானாகக் கழியும்படி வைத்திருந்தால், வங்கி பார்ப்பது 19 டாலரை. ஒன்று, பணம் போதவில்லை என்று திருப்பி அனுப்பும். இல்லையென்றால் கட்டிவிட்டு ஓவர்டிராஃப்ட் கட்டணம் போடும். அந்தக் கட்டணம் நெடுங்காலமாக 35 டாலர் அளவில் இருந்துவந்தது. வாடிக்கையாளரின் முன்சம்மதம் இல்லாமல், கடையில் கார்டைத் தேய்ப்பதற்கும் ஏடிஎம்மில் எடுப்பதற்கும் ஓவர்டிராஃப்ட் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2010ல் விதி வந்தது. நல்ல விதி. ஆனால் தானாகக் கழியும் பில்களையும் காசோலைகளையும் அது தொடவில்லை.

இன்னொரு கொடுமையும் நடந்தது. தேய்த்த நொடியில் கணக்கில் பணம் இருந்தது, வங்கியே அனுமதி தந்தது. இரண்டு நாள் கழித்து இறுதிக் கணக்கு வரும்போது நடுவில் வேறு செலவுகள் போய் இருப்பு குறைந்திருந்தால், தானே அனுமதித்த அதே செலவுக்கு வங்கி கட்டணம் போட்டது. இப்படி வசூலித்ததற்காக ரீஜன்ஸ் பேங்க் மீது அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு வாரியம் 2022 செப்டம்பரில் நடவடிக்கை எடுத்தது. வாடிக்கையாளர்களுக்கு 14.1 கோடி டாலர் திருப்பித் தர வேண்டும், அபராதம் 5 கோடி டாலர். அடுத்த மாதமே, வாடிக்கையாளர் எதிர்பார்த்திருக்க முடியாத இத்தகைய கட்டணங்கள் சட்டவிரோதமாக இருக்கக்கூடும் என்று எல்லா வங்கிகளையும் அந்த வாரியம் எச்சரித்தது. கேபிடல் ஒன், சிட்டி வங்கிகள் 2022ல் ஓவர்டிராஃப்ட் கட்டணத்தையே விட்டன. பேங்க் ஆஃப் அமெரிக்கா 35ஐ 10 ஆகக் குறைத்தது. பெரிய வங்கிகளுக்கு 5 டாலர் என்ற அளவுகோலை வைத்து வாரியம் 2024 டிசம்பரில் கொண்டுவந்த விதியை, நடைமுறைக்கு வருவதற்கு முன்பே, 2025 மே மாதம் நாடாளுமன்றத் தீர்மானத்தின் மூலம் ரத்து செய்துவிட்டார்கள். வலுத்தவர் பக்கம் சட்டம் சாய்ந்த இடம் அது என்றே நினைக்கிறேன்.

பெட்ரோல் பங்கில் முடக்கக்கூடிய உச்சவரம்பை விசாவும் மாஸ்டர்கார்டும் 2022ல் 125 டாலரிலிருந்து 175 டாலராக உயர்த்தின. பெட்ரோல் விலை ஏறிய ஆண்டு அது. டேங்க் நிறையாமல் நின்றுவிடக் கூடாது என்பது அவர்கள் சொன்ன நியாயம். பெரிய வண்டிக்காரர்களுக்கு அது சரி. 20 டாலருக்குப் போட்டுக்கொண்டு போகிறவருக்கும் 175 டாலர் முடங்கினால் என்ன செய்வது? நல்ல வங்கிகள் இதைச் சில மணி நேரத்தில் விடுவிக்கின்றன. மற்றவை நாள் கணக்கில் இழுக்கின்றன.

சென்னையிலிருந்து போகிறவர்கள் கவனத்துக்கு

பேறுகாலத்துக்குப் பெண் வீட்டுக்குப் போகும் பெற்றோர், படிக்கப் போகும் பிள்ளைகள் என்று பலரும் இங்கிருந்தே ஃபாரெக்ஸ் கார்டு வாங்கிப் போகிறார்கள். அதுவும் ப்ரீபெய்டு கார்டுதான் என்பதை நினைவில் வையுங்கள். பெட்ரோல் கருவியிலும், தங்கும் விடுதியில் அறை எடுக்கும்போதும், வாடகைக் காருக்கு முன்பணமாகவும் அதைக் கொடுக்க வேண்டாம் என்று அதை வழங்கும் இந்திய வங்கிகளே சொல்கின்றன. அங்கே போடும் ஹோல்ட் விடுபட 30 நாள் வரை ஆகலாம். ஊருக்குத் திரும்பிய பிறகு பணம் வந்து சேர்ந்தால் யாருக்கு லாபம்?

இங்கே நமக்குப் பழக்கம் வேறு. சரவணபவனிலோ முனியாண்டி விலாஸிலோ பில் தொகை எதுவோ அதற்குத்தான் பின் எண் போடுகிறோம், யுபிஐயில் அனுப்புகிறோம். வந்த குறுஞ்செய்தியும் கழிந்த தொகையும் பைசா மாறாது. அமெரிக்காவில் 80 டாலர் என்று செய்தி வந்து, மூன்றாம் நாள் 94 என்று கணக்கில் ஏறினால் ஏமாற்றிவிட்டார்கள் என்று பதறத் தோன்றும். நீங்கள் எழுதிய 14 டாலர் டிப்ஸ்தான் அது. கையெழுத்துப் போட்ட சீட்டின் உங்கள் பிரதியைப் படம் எடுத்து வைத்துக்கொண்டால் இந்தப் பதற்றம் இல்லை.

கிரெடிட் கார்டு இருப்பவர்கள் ஹோட்டலுக்கும் பெட்ரோலுக்கும் அதையே பயன்படுத்துவது நல்லது. இல்லாதவர்கள் பெட்ரோல் பங்கில் உள்ளே போய், பத்து டாலருக்கு, இருபது டாலருக்கு என்று சொல்லி முதலிலேயே கட்டிவிடலாம். ஹோட்டலில் கையடக்கக் கருவியோ க்யூஆர் கோடோ இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பரிசு அட்டையாக இருந்தால், அதில் எவ்வளவு எடுக்க வேண்டும் என்று சர்வரிடம் சொல்லிவிடுங்கள். 50 டாலர் அட்டையில் 40 எடுக்கச் சொல்லி மீதியை ரொக்கமாகத் தந்தால் சிக்கல் இல்லை.

மதுக்கூடங்களில் 'டேப்' என்னும் பற்றுக் கணக்கு திறக்கக் கார்டு வாங்கும்போது ஒரு ஹோல்டும், கடைசியில் கணக்கு முடிக்கும்போது இன்னொன்றும் விழலாம். ஹோட்டலில் சர்வர் தவறான தொகையைத் தேய்த்துவிட்டு ரத்து செய்து மறுபடி தேய்த்தாலும் அப்படித்தான். ரத்து செய்தால் வங்கிக்கும் ரத்துச் செய்தி அனுப்ப வேண்டும் என்று கார்டு நிறுவனங்களின் விதிகள் கேட்கின்றன. சில கருவிகள் தம் கணக்கில் மட்டும் அழித்துவிட்டுச் சும்மா இருந்துவிடுகின்றன. கடைக்காரர் சத்தியமாக ரத்து செய்துவிட்டேன் என்பார். உங்கள் செயலியில் இரண்டு தொகையும் நிற்கும். இருவரும் உண்மை பேசுகிறார்கள், முடங்கியது உங்கள் பணம்.

டெபிட் கார்டு ஹோல்ட் இத்தனை மணி நேரத்துக்குள் விடுபட வேண்டும் என்று வரையறுக்கும் கூட்டாட்சிச் சட்டம் அங்கே இல்லை. காசோலைப் பணத்தை எத்தனை நாள் நிறுத்தலாம் என்று மட்டும் தனி விதியே வைத்திருக்கிறார்கள். டெபிட் கார்டுக்கும் அப்படி ஒன்று வர வேண்டும். டிப்ஸுக்காகக் கூட்டி முடக்கிய தொகை எவ்வளவு, எப்போது விடுபடும் என்று செயலியில் தனி வரியாகக் காட்ட வைக்க வேண்டும். கணக்கில் அந்த எண் இருக்கிறது, திரையில்தான் இல்லை.

அதுவரை, அவசரமாகப் பணம் தேவைப்பட்டால் காத்திருக்காதீர்கள். வங்கியைக் கூப்பிட்டால் கடைதான் விடுவிக்க வேண்டும் என்பார்கள், கடையைக் கூப்பிட்டால் வங்கிதான் என்பார்கள். ஹோட்டலின் மேலாளரையும் வங்கியின் அதிகாரியையும் ஒரே அழைப்பில் இணைத்துப் பேச வையுங்கள். பில் சீட்டில் அச்சாகியிருக்கும் அப்ரூவல் கோடைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், முதலில் கேட்பது அதைத்தான். ஹோல்ட் விழுந்து இறுதித் தொகை ஏறிய பிறகும் நீங்கள் எழுதிய டிப்ஸைவிடக் கூடுதலாகக் கழிந்திருந்தால் அது வேறு வழக்கு. ஸ்டேட்மென்ட் வந்த 60 நாட்களுக்குள் வங்கிக்குத் தெரிவியுங்கள். பொதுவாக 10 வேலை நாட்களுக்குள் அவர்கள் விசாரித்து முடிக்க வேண்டும். முடியாமல் 90 நாள் வரை நீட்டினால், சர்ச்சையில் உள்ள தொகையைத் தற்காலிகமாக உங்கள் கணக்கில் போட்டுவிட்டுத்தான் நீட்ட முடியும்.